சக்கரம் எத்தனை முறை சுற்றியது?

இங்கிலாந்தில் கார் வாங்க நினைப்பவருக்கு இன்னொரு வழியும் உண்டு. வாங்காமல் தானே கட்டிக்கொள்ளலாம். 1957-இல் காலின் சாப்மனின் லோட்டஸ் நிறுவனம் ‘செவன்’ என்ற சின்னஞ்சிறு காரைக் கொண்டுவந்தது. முழுக் காராக வாங்கினால் கொள்முதல் வரி கட்ட வேண்டும்; உதிரிகளாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் வேண்டாம். பூட்டுவது எப்படி என்று கையேடு கொடுத்தால் சலுகை போய்விடும் என்பதால், கழற்றுவது எப்படி என்ற கையேட்டைக் கொடுத்தார்கள், வாங்கியவர்கள் அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்தார்கள் என்று ஒரு கதை இன்றும் உலவுகிறது. 1973-இல் மதிப்புக் கூட்டு வரி வந்ததும் அந்தச் சலுகை முடிந்தது. அதே ஆண்டில் செவனைத் தயாரிக்கும் உரிமையும் கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குப் போனது. ஆனால் பழக்கம் விடவில்லை. பழைய ஃபோர்டு சியராவையோ மாஸ்டா எம்.எக்ஸ்-5-ஐயோ வாங்கி, கழற்றி, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் பின் அச்சையும் எடுத்து, இரும்புக் குழாய்ச் சட்டத்தில் ஏற்றி, மேலே ஃபைபர் கிளாஸ் உடலைப் போர்த்தி, வார இறுதிகளில் கார் கட்டுகிறவர்கள் அங்கே இன்றும் ஏராளம்.

அந்தக் கார்களில் எஞ்சின் உறுமும், விளக்கு எரியும், பிரேக் பிடிக்கும். எண்ணெய் அழுத்த மீட்டரும் வெப்ப மீட்டரும் சொன்ன பேச்சைக் கேட்கும். மக்கர் செய்வது பெரும்பாலும் ஸ்பீடோமீட்டர்தான். முள் பூஜ்யத்தை விட்டு அசையாது. அல்லது நாற்பதில் போகும்போது தொண்ணூறு காட்டும். இன்னும் மோசம், கார் நிற்கும்போதே முள் துள்ளும்.

எண்ணெய் அழுத்த மீட்டருக்கு எஞ்சினில் ஒரு சென்சார், டாஷ்போர்டில் ஒரு முகப்பு, நடுவில் ஒரு ஒயர். அதோடு வேலை முடிந்தது. ஸ்பீடோமீட்டர் அப்படி இல்லை. கியர்பாக்ஸ், பின் அச்சின் பல் விகிதம், சக்கரம், டயர் என்று கார் முழுவதையும் நம்பித்தான் அது தன் எண்ணைச் சொல்கிறது. தொழிற்சாலைக் காரில் இவை எல்லாம் ஒன்றுக்கொன்று பொருத்தமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. கட்டிய காரில் எஞ்சின் ஓரிடம், அச்சு ஓரிடம், டயர் ஓரிடம், மீட்டர் ஓரிடம். அந்தப் பொருத்தத்தை நாம்தான் உண்டாக்க வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். காரின் ஸ்பீடோமீட்டர் வேகத்தை அளப்பதே இல்லை. சாலை நகர்வதை அது பார்க்கவில்லை. ஏதோ ஒரு தண்டு எத்தனை முறை சுற்றியது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். மீதி எல்லாம் அனுமானம். ‘இந்தத் தண்டு இத்தனை முறை சுற்றினால் கார் இவ்வளவு தூரம் போயிருக்கும்’ என்று யாரோ முன்கூட்டியே சொல்லிவைத்த கணக்கை அது ஒப்பிக்கிறது.

அந்தக் கணக்கை மின்சாரமே இல்லாமல் ஒப்பிக்கவைத்தவர் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்து ஓட்டோ ஷுல்ட்ஸே. 1902-இல் அவர் காப்புரிமை பெற்ற அமைப்பு எழுபது, எண்பது ஆண்டுகள் உலகின் கார்களை ஆண்டது. கியர்பாக்ஸிலிருந்து புறப்படும் வளையும் கேபிள் மீட்டருக்குள் இருக்கும் சிறு காந்தத்தைச் சுற்றும். காந்தத்தைத் தொடாமல் ஓர் அலுமினியக் கிண்ணம் அதை மூடியிருக்கும். காந்தத்துக்கு அலுமினியத்தை இழுக்கத் தெரியாது. ஆனால் காந்தம் சுழலும்போது காந்தப்புலம் மாறுகிறது, அந்த மாற்றம் அலுமினியத்துக்குள் சுழல் மின்னோட்டங்களைக் கிளப்புகிறது, அவை காந்தத்தோடு சேர்ந்து சுழலச் சொல்லிக் கிண்ணத்தைத் தள்ளுகின்றன. கிண்ணத்தை முழுச் சுற்று சுற்றவிடாமல் மெல்லிய சுருள்வில் ஒன்று பிடித்துக்கொள்கிறது. தள்ளுவிசை வேகத்துக்கு நேர்விகிதம். எனவே வில் எவ்வளவு முறுக்கிக்கொள்கிறதோ அவ்வளவு வேகம். கிண்ணத்தின் தண்டில்தான் முள். வெயிலில் அலுமினியத்தின் மின்தடை கூடும், அளவு பிசகும். அதைச் சரிக்கட்டவும் வெப்பத்துக்கு ஏற்பக் காந்தப்புலத்தைத் திருத்தும் கலப்புலோகத் துண்டு ஒன்றை உள்ளே வைத்தார்கள். என்னைக் கேட்டால், கார் என்ற இயந்திரத்துக்குள் இதைவிட நேர்த்தியான கருவி இருந்ததில்லை. முன்சக்கரத்திலிருந்து மீட்டருக்குக் கறுப்பு கேபிள் போகும் பழைய மொபெட்டுகளிலும் பைக்குகளிலும் இருந்தது இதே தத்துவம்தான். கேபிள் அறுந்தால் முள் விழுந்துவிடும், வண்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

கேபிளை விட்டு மின்துடிப்புக்கு வந்ததும் காட்சி மாறுகிறது. இப்போது தேவைப்படுவது, தண்டு சுற்றும்போது ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று கூப்பிடும் ஒரு சென்சார். அதற்கு இரண்டு வழிகள்.

ஒன்று, 1831-இல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டல். காந்தத்தின் மேல் கம்பியைச் சுற்றி, எதிரே இரும்புப் பற்கள் ஓடும்படி வைத்தால், ஒவ்வொரு பல் கடக்கும்போதும் கம்பியில் மின்னழுத்தம் எழும். இதற்கு வெளியிலிருந்து மின்சாரம் வேண்டாம். குறை என்னவென்றால், எழும் மின்னழுத்தம் பல் கடக்கும் வேகத்தைப் பொறுத்தது. வேகமாகப் போனால் கத்தும், மெதுவாகப் போனால் முணுமுணுக்கும், கார் ஊர்ந்தால் வாயே திறக்காது.

இரண்டாவது, ஹால் விளைவு. 1879-இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த எட்வின் ஹால், கண்ணாடியில் ஒட்டிய மெல்லிய தங்கத் தகட்டில் நீளவாட்டில் மின்சாரத்தைச் செலுத்தி, தகட்டுக்குச் செங்குத்தாகக் காந்தப்புலத்தை வைத்தார். தகட்டின் குறுக்கே மிகச் சிறிய மின்னழுத்தம் தோன்றியது. மின்சாரத்தைச் சுமந்து செல்லும் எலக்ட்ரான் என்ற துகளையே உலகம் அறிய இன்னும் 18 ஆண்டுகள் இருந்தன. தங்கத்தில் அற்பமாக இருந்த இந்த விளைவு குறைகடத்திகளில் பெரிதாகக் கிடைக்கிறது. இதன் சிறப்பு, காந்தம் ஓடினாலும் நின்றாலும் சென்சார் அதை உணரும். ஆகவே மெதுவான வேகத்திலும் துடிப்பு ஒரே உயரத்தில் வரும்.

காரைத் தாமே கட்டுகிறவர்கள் இவை இரண்டையும் தவிர மூன்றாவதாக ஒன்றையும் விரும்புகிறார்கள். தொழிற்சாலைகளில் கன்வேயர் மேல் டப்பா வந்ததா என்று பார்க்கும் பிராக்சிமிட்டி சென்சார். விரல் தடிமனில் மரை வெட்டிய உலோகக் குழல், பின்னால் மூன்று ஒயர்கள், ஒரு சிறு விளக்கு. இதற்குக் காந்தம்கூட வேண்டாம்; முனையிலிருந்து ஓரிரு மில்லிமீட்டர் தொலைவில் உலோகம் வந்தால் போதும். பின் அச்சின் விளிம்புத் தட்டை இறுக்கும் போல்ட்டுகளுக்கு எதிரே ஒரு தகட்டை வளைத்து இதைப் பொருத்துவார்கள். நான்கு போல்ட் தலைகள், சுற்றுக்கு நான்கு துடிப்புகள். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் மெல்லச் சுற்றினால், ஒவ்வொரு தலையும் கடக்கும்போது அந்தச் சிறு விளக்கு எரிந்து அணையும். சுற்றுக்கு நான்கு முறை எரிந்தால் சென்சார் தன் கடமையைச் செய்கிறது என்று பொருள். மூன்று முறை எரிந்தால் ஏதோ ஒரு தலை மற்றவற்றைவிடச் சற்றுத் தள்ளி நிற்கிறது. இடைவெளியைக் குறைக்க வேண்டும்.

விளக்கு எரிந்தும் மீட்டர் அசையவில்லையா? பிரச்சினை பெரும்பாலும் மூன்று ஒயர்களில் இருக்கும். பழுப்பு, பாட்டரியின் நேர்முனைக்கு. நீலம், எதிர்முனைக்கு. கறுப்பு, துடிப்பைக் கொண்டுபோகும் ஒயர். இந்த வகைச் சென்சார்களில் இரண்டு சாதிகள் உண்டு. பி.என்.பி. வகை, உலோகத்தைக் கண்டதும் கறுப்பு ஒயரை நேர்முனையோடு இணைக்கும். என்.பி.என். வகை, அதை எர்த்தோடு இணைக்கும். இணைக்காத நேரத்தில் அந்த ஒயர் எதோடும் சேராமல் அந்தரத்தில் தொங்கும். அந்தரத்தில் தொங்கும் ஒயரின் மின்னழுத்தம் இவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது, மீட்டராலும் முடியாது. என்.பி.என். வகையில் அதை மேலே இழுத்துப் பிடிக்க, கறுப்பு ஒயருக்கும் நேர்முனைக்கும் நடுவே சில ஆயிரம் ஓம் மின்தடை ஒன்றைப் போட வேண்டும். சில மீட்டர்களுக்குள் அது ஏற்கெனவே இருக்கும், சிலவற்றில் இருக்காது. சில ரூபாய் பெறாத இந்தத் துண்டு இல்லாமல், விலை உயர்ந்த மீட்டரைப் பழுது என்று திருப்பி அனுப்பியவர்கள் உண்டு.

இனி கணக்கு. டயரின் பக்கவாட்டில் 195/50 R15 என்று இருக்கிறது. அகலம் 195 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அதில் 50 சதவீதம், அதாவது 97.5, உள்ளே இருக்கும் ரிம் 15 அங்குலம், அதாவது 381 மில்லிமீட்டர். மேலும் கீழும் சுவர் இருப்பதால் மொத்த விட்டம் 576. ‘பை’ (π) என்ற எண்ணால் பெருக்கினால் சுற்றளவு சுமார் 1.81 மீட்டர். பள்ளிக்கூட வடிவியல் இங்கே முடிகிறது. ஆனால் கார் ஒரு சுற்றில் போகும் தூரம் இது அல்ல.

காரின் எடையில் டயர் அடியில் நசுங்கியிருக்கிறது. அச்சின் மையத்திலிருந்து தரைக்கு உள்ள உயரம் பாதி விட்டத்தைவிடக் குறைவு. அப்படியானால் அந்தக் குறைந்த உயரத்தையே ஆரமாக வைத்துக் கணக்கிடலாமா? அதுவும் தவறு. நசுங்கிய உயரம் 270 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் சுற்றளவு 1.70 மீட்டர் வரும். அசல் அதைவிட அதிகம். ரேடியல் டயரின் ஓடுபரப்புக்கு அடியில் எஃகு இழைகளால் ஆன பட்டை ஒன்று சுற்றிலும் ஓடுகிறது. டயர் நசுங்கினால் அந்தப் பட்டை வளையும்; நீளத்தில் சுருங்கப் பெரிதும் மறுக்கும். எனவே ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய தன் முழு நீளத்தையும் அது சாலையில் விரித்தாக வேண்டும். ஐரோப்பிய டயர் தரநிர்ணயக் கணக்கில் ரேடியல் டயருக்கு விட்டத்தை 3.05-ஆல் பெருக்குகிறார்கள். பையைவிடச் சற்றே குறைவு, அவ்வளவுதான். நம் டயருக்கு அது 1.757 மீட்டர்.

கிலோமீட்டருக்கு 569 சுற்றுகள். நான்கு போல்ட்டுகளோடு பெருக்கினால் 2,277 துடிப்புகள். மீட்டரில் பதிய வேண்டிய எண் இதுதான். மணிக்கு 100 கிலோமீட்டரில் வினாடிக்கு 63 துடிப்புகள் வரும். மேசைமேல் மீட்டரை வைத்து, 12 வோல்ட் கொடுத்து, சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து வினாடிக்கு 63 என்ற கணக்கில் துடிப்பைச் செலுத்தினால் முள் நூறில் போய் நிற்க வேண்டும். நின்றால் மீட்டர் நல்லது, கோளாறு காரில்.

போல்ட்டை எங்கே எண்ணுவது என்பதும் முக்கியம். ஒரு சக்கரத்தில் சென்சார் வைத்தால், வளைவில் அந்தச் சக்கரத்தின் கதையை மட்டுமே மீட்டர் சொல்லும். இரு சக்கரங்களுக்கும் இடையே 1.3 மீட்டர் அகலம் உள்ள கார் 10 மீட்டர் ஆரத்தில் திரும்பினால், வெளிச்சக்கரம் நடுக்கோட்டைவிட ஆறரை சதவீதம் அதிகம் ஓடும், உள்சக்கரம் அதே அளவு குறைவாக. கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்டில் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் அமைப்பின் இயல்பே, அந்த ஷாஃப்ட் எப்போதும் இரு சக்கரங்களின் சராசரிக்கு ஏற்பச் சுற்றுவதுதான். தவிர, பல் விகிதம் 3.62 என்றால் அதே நான்கு போல்ட்டுகள் கிலோமீட்டருக்கு 8,200-க்கு மேல் துடிப்புகளைத் தரும்.

துடிப்பு அதிகம் கிடைப்பதில் என்ன லாபம்? மணிக்கு 5 கிலோமீட்டரில் ஊரும்போது, சக்கரத்தில் வைத்த சென்சாரிலிருந்து வினாடிக்கு மூன்று துடிப்புகள்தான் வரும். அரை வினாடிக்கு ஒருமுறை எண்ணிக்கையைப் பார்க்கும் மீட்டர் ஒரு தடவை ஒன்றையும் அடுத்த தடவை இரண்டையும் காணும். சீராகப் போகும் காரில் முள் இரட்டிப்பாகித் திரும்பும். ஆகவே நல்ல மீட்டர்கள் துடிப்பை எண்ணுவதில்லை. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே எவ்வளவு நேரம் ஆனது என்று அளந்து, அதைத் தலைகீழாக்கி வேகத்தைப் பெறுகின்றன. இதிலும் ஒரு சங்கடம். கார் நின்றுவிட்டால் அடுத்த துடிப்பு வரவே வராது. வராத ஒன்றுக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது? இரண்டு வினாடி என்று வைத்தால், கார் நின்ற பிறகும் இரண்டு வினாடி பழைய வேகமே தெரியும். அரை வினாடி என்று வைத்தால், நெரிசலில் ஊரும் காரை ‘நின்றுவிட்டது’ என்று சொல்லும். சாமர்த்தியமான நிரல், காத்திருக்கும் நேரம் நீள நீள எண்ணைத் தானே குறைத்துக்கொண்டே வரும்: ‘இவ்வளவு நேரமாகத் துடிப்பு இல்லை, அப்படியானால் வேகம் இதைவிடக் குறைவாகத்தான் இருக்க முடியும்.’ துடிப்பு வராததையும் அது ஒரு செய்தியாக எடுத்துக்கொள்கிறது.

இப்போது துள்ளும் முள்ளுக்கு வருவோம். கட்டிய காரில் அதிகம் பேரை அழவைப்பது இதுதான்.

நான்கு சிலிண்டர் எஞ்சின், நிமிடத்துக்கு 900 சுற்றில் சும்மா ஓடிக்கொண்டிருக்கிறது. சுற்றுக்கு இரண்டு என்று வினாடிக்கு 30 தீப்பொறிகள். ஒவ்வொரு பொறிக்கும் பற்றவைப்புச் சுருளின் முதன்மைச் சுற்றில் சில நூறு வோல்ட்டும், பிளக் ஒயரில் பல ஆயிரம் வோல்ட்டும் திடீரென்று எழுந்து அடங்குகின்றன. அந்த ஒயருக்கு அருகே சென்சார் ஒயர் ஓடினால், ஒவ்வொரு பொறியும் அதில் ஒரு போலித் துடிப்பைத் தூண்டும். ஃபாரடேயின் அதே விதி, வேண்டாத இடத்தில். மீட்டருக்கு அசல் எது, போலி எது என்று தெரியாது. வினாடிக்கு 30 துடிப்பு என்றால் நம் கணக்கில் மணிக்கு 47 கிலோமீட்டர். வீட்டு வாசலில் நிற்கும் கார் 47-இல் பறக்கிறது! ஆக்ஸிலரேட்டரை மிதித்து 1,800 சுற்றுக்கு ஏற்றினால் 95. நிற்கும் காரில் முள் எஞ்சினோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்றால், குற்றவாளி பற்றவைப்பு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

தீர்வுகள் எளியவை, செய்யத்தான் பொறுமை வேண்டும். சென்சார் ஒயரைப் பிளக் ஒயர்களிலிருந்து விலக்கிக் கொண்டுபோக வேண்டும். தாண்டியே ஆக வேண்டிய இடத்தில் குறுக்காகத் தாண்ட வேண்டும், இணையாக ஓடக் கூடாது. உலோக வலை போர்த்திய ஒயரைப் போட்டு, அந்த வலையை மீட்டர் பக்கத்தில் மட்டும் எர்த் செய்ய வேண்டும். இரு முனையிலும் எர்த் செய்தால் வலையே மின்னோட்டத்துக்குப் பாதையாகி, இரைச்சலை உள்ளே கொண்டுவந்துவிடும்.

எர்த் என்றதும் இன்னொன்று. தொழிற்சாலைக் காரில் உடல் முழுவதும் எஃகு. விளக்கோ ஹாரனோ எதுவானாலும் அருகில் உள்ள தகட்டில் ஒரு திருகைப் போட்டால் எர்த் ஆயிற்று. ஃபைபர் கிளாஸ் உடலில் மின்சாரம் ஓடாது. ஒவ்வொன்றுக்கும் தனி எர்த் ஒயர் இழுக்க வேண்டும். சோம்பல்பட்டு மின்விசிறிக்கும் ஹெட்லைட்டுக்கும் மீட்டருக்கும் ஒரே மெல்லிய எர்த் ஒயரைப் பகிர்ந்தால், விசிறி இழுக்கும் மின்னோட்டத்தால் அந்த ஒயரின் மின்னழுத்தம் சற்று உயரும். மீட்டர் ‘பூஜ்யம்’ என்று நினைக்கும் இடம் பூஜ்யமாக இராது. விசிறி ஓடும்போது மட்டும் ஸ்பீடோமீட்டர் பைத்தியம் பிடித்ததுபோல் ஆடுவதற்குக் காரணம் இதுவே. மீட்டருக்கும் சென்சாருக்கும் பாட்டரியின் எதிர்முனையிலிருந்தே தனி ஒயர் போட்டால், ஆட்டம் அநேகமாக அன்றே நிற்கும்.

முள் அமைதியானபின் சட்டம் காத்திருக்கிறது. பிரிட்டனில் 1937 அக்டோபர் முதல் புதிதாகச் சாலைக்கு வரும் கார்களுக்கு ஸ்பீடோமீட்டர் கட்டாயம். வீட்டில் கட்டிய கார், தனி வாகன ஒப்புதல் என்ற அரசுச் சோதனையில் தேற வேண்டும். மீட்டர் அசல் வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம், அதற்கு வரம்பு உண்டு. ஐ.நா.வின் 39-ஆம் ஒழுங்குவிதி அந்த வரம்பை, அசல் வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் அதற்குமேல் 4 கிலோமீட்டரும் என்று வைக்கிறது. அசலாக 80-இல் போகும் காரின் மீட்டர் 80-க்கும் 92-க்கும் நடுவே எதையும் காட்டலாம். 79 காட்டினால் தவறு. பிரிட்டனின் சோதனை இன்னும் தாராளம்: பத்து சதவீதத்தோடு மணிக்கு 6.25 மைல்.

இந்த ஒருதலைப்பட்சம் காரணமில்லாமல் வந்ததல்ல. புது டயரின் பள்ளம் 8 மில்லிமீட்டர், சட்டம் அனுமதிக்கும் தேய்மானம் 1.6 மில்லிமீட்டர் வரை. ஆரத்தில் 6.4 மில்லிமீட்டர் குறைகிறது. நம் டயருக்கு அது இரண்டு சதவீதத்துக்கு மேல். தேய்ந்த சக்கரம் அதே தூரத்துக்கு அதிகம் சுற்றும், மீட்டர் கூட்டிக் காட்டும்; பாதகமில்லை. ஆனால் தேய்ந்த டயரை வைத்து அச்சுப் பிசகாமல் அளவு சரிபார்த்துவிட்டு, பிறகு புது டயர் போட்டால் மீட்டர் குறைத்துக் காட்டத் தொடங்கும். ‘மிகச் சரியாக’ அமைத்த மீட்டர் சட்டத்தின் தவறான பக்கத்தில் போய் விழும். எனவே நான்கைந்து சதவீதம் கூட்டியே வைப்பது புத்திசாலித்தனம்.

சரிபார்க்க நல்ல வழி, தெரிந்த தூரத்தை ஓட்டிப் பார்ப்பது. இங்கிலாந்தின் மோட்டார்வேக்களில் 100 மீட்டருக்கு ஒன்றாக ஓரத்தில் குறிக்கம்பம் நட்டிருக்கிறார்கள். பல மின்னணு மீட்டர்களில் ஒரு பொத்தானை அழுத்தித் தொடங்கி, குறித்த தூரம் ஓட்டி, மறுபடி அழுத்தினால், வந்த துடிப்புகளை மீட்டரே எண்ணிப் பதிந்துகொள்ளும். டயரின் பக்கவாட்டைப் படிக்கவும் வேண்டாம், 3.05-ஆல் பெருக்கவும் வேண்டாம்.

இவ்வளவு பாடு எதற்கு, ஜி.பி.எஸ். மீட்டர் போட்டால் ஆகாதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் அலை, கார் நகரும்போது அதிர்வெண்ணில் சற்று மாறி வந்து சேர்கிறது. டாப்ளர் விளைவு. 1,575.42 மெகாஹெர்ட்ஸ் அலையில், செயற்கைக்கோளை நோக்கி வினாடிக்கு 30 மீட்டர் போகும் காருக்கு அந்த மாற்றம் சுமார் 158 ஹெர்ட்ஸ். அதை அளக்கும் கருவிக்கு டயரும் தெரியாது, பல் விகிதமும் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. நீண்ட நேர்ச்சாலையில் அது சொல்வதை நம்பலாம். சுரங்கப் பாதையில் அது குருடு. காரைக் கிளப்பியதும் செயற்கைக்கோள்களைத் தேடிப்பிடிக்கும் வரை வாய் திறக்காது. திடீரென்று பிரேக் போட்டால் ஒரு கணம் தாமதமாகத்தான் கீழே இறங்கும்.

என் பரிந்துரை இரண்டையும் வைத்துக்கொள்வது: முள்ளை ஓட்டப் புரொப்பெல்லர் ஷாஃப்டில் ஒரு சென்சார், அதைச் சரிபார்க்கக் கையில் உள்ள செல்போனின் ஜி.பி.எஸ். மீட்டரில் பதிந்த துடிப்பு எண்ணை ஒரு தாளில் எழுதி, காரின் ஆவணங்களோடு வையுங்கள். டயர் அளவையோ பின் அச்சின் பற்களையோ மாற்றும் நாளில், காரைத் தெருவில் இறக்கும் முன் அந்த எண்ணைத் திருத்துங்கள்.